மைக் இல்லாம சொல்லு

அத்தியாயம் பதினொன்று

ரிமாஸ் தன்னிடம் சொன்னது, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தாண்டிப் போகாது என்றுதான் நிடா நம்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மகாசர் நகரத்தின் கரெபோசி மைதானத்தில் பேரணிக்குக் கூடியிருந்த அத்தனை பேரும் அதை ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

நான்கு மாதமாக அவள் வீட்டுக் கார் ஷெட்டில் வகுப்பு நடக்கிறது. அப்பாவின் வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு, தரையில் பாயை விரித்து, சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிப்பாள். பின்சந்தில் இருக்கும் அகதிகள் விடுதியிலிருந்து பதினொரு பிள்ளைகள் வருவார்கள். ஆப்கானிஸ்தான், சோமாலியா, சூடான். என்றைக்காவது ஒரு நாடு தங்களைக் கூப்பிடும் என்று வருஷக்கணக்கில் காத்துக்கிடக்கும் குடும்பங்களின் பிள்ளைகள்.

அவர்களில் ரிமாஸுக்கு எட்டு வயது. சூடான் பெண். நாலு மாதமும் ஒரு வார்த்தை பேசாதவள், போன வாரம் பென்சில் சீவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பேசினாள். தெருப்பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய இந்த ஊர்ப் பேச்சில்.

"விமானம் வந்துச்சு. அம்மா என்னையும் தம்பியையும் கட்டிலுக்கு அடியில தள்ளினா. தம்பி அழுதான். நான் அவன் வாயைப் பொத்தினேன். அப்புறம் அவன் அழவே இல்ல."

பென்சிலை ஊதிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லாதே."

நிடாவால் அதைத் தனியாகத் தூக்கிச் சுமக்க முடியவில்லை. அன்றைக்கே சாப்பிடும்போது வீட்டில் சொல்லிவிட்டாள். அம்மா ராமலா முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மாப்பா தட்டைத் தள்ளி வைத்தார். அண்ணன் இர்சால் மட்டும் எழுந்து வெளியே போனான். அழப் போகிறான் என்று நிடா நினைத்தாள்.

ஒருவேளை அழுதுமிருப்பான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

*

பேரணிமேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து பதாகை எழுதியவளே அவள்தான். 'காஸா, சூடான், ஏமன் – எங்கள் குழந்தைகள்' என்று பச்சை மையில் எழுதி எழுதி விரல் வீங்கியிருந்தது. இர்சால் சட்டம் படிக்கிறான், மாணவர் முன்னணிக்குத் தலைவன். அவன் குரலுக்கு மகாசர் நகரமே திரும்பிப் பார்க்கும் என்று அவள் தோழிகளிடம் பெருமையடித்ததும் உண்டு.

அதனால் தண்ணீர்ப் பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, நெற்றியில் பட்டை கட்டிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகத்தான் உள்ளே போனாள்.

மேடைக்கு முன்னால் புல்தரையில் முப்பது நாற்பது பிள்ளைகள் வெள்ளை உடையில் படுத்திருந்தார்கள். பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒரு மாணவன் வாளியில் சிவப்புச் சாயத்தைக் கலக்கி, தூரிகையால் அவர்கள் உடைமேல் தெளித்துக்கொண்டிருந்தான். ஒரு பெண்குழந்தைக்குக் கூச்சம் தாங்கவில்லை. செத்தவள் சிரிக்கிறாள் என்று பக்கத்துப் பையன் போட்டுக்கொடுத்தான்.

மேடையில் இர்சால் மைக்கைப் பிடித்தான்.

"கீழே நீங்க பார்க்கிறது நடிப்பு. ஆனா நடிப்பே இல்லாத ஒரு குழந்தை இன்னிக்கு நம்ம நடுவுல இருக்கு!"

திரையை விலக்கி ஒருத்தி ரிமாஸைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். வெள்ளை உடை. கன்னத்தில் சிவப்புச் சாயம்.

நிடாவின் தோளிலிருந்து தண்ணீர்ப் பெட்டி நழுவிக் கீழே விழுந்தது.

"இந்தப் பிஞ்சுக் கை இருக்கே," என்றான் இர்சால். ரிமாஸின் வலது கையைப் பிடித்து உயரத் தூக்கினான். "இந்தக் கைதான் குண்டு விழுந்த அன்னிக்குத் தன் தம்பியோட வாயைப் பொத்திச்சு..."

நிடா சொன்ன சொற்கள். சாப்பாட்டு மேசையில் அவள் சொன்ன அதே வரிசையில். ஒன்றைக்கூட மாற்றவில்லை. நடுவில் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரல் தழைய வேண்டிய இடத்தில் தழைந்து, "அப்புறம் அவன் அழவே இல்ல" என்று முடித்தபோது, நிடாவுக்கு முன்னால் நின்ற பெண்மணி தேம்பித் தேம்பி அழுதாள். எங்கு பார்த்தாலும் போனைத் தூக்கிப் பிடித்த கைகள்.

அவள் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போவதற்குள் ஒலிபெருக்கியில் விமானச் சத்தம் கிளம்பியது. நாடகத்துக்காகப் பதிவு செய்து வைத்திருந்த சத்தம். அதன் பின்னாலேயே சைரன்.

கீழே பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தபடி அலறினார்கள். மேடையில் ரிமாஸ் இல்லை.

யாரும் கவனிக்கவில்லை. இர்சால் முஷ்டியை உயர்த்திக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தான்.

நிடா மேடையின் பின்பக்கம் ஓடி, தொங்கவிட்ட துணியைத் தூக்கிப் பார்த்தாள். பலகைகளுக்கு அடியில், இரும்புக் கால்களுக்கு நடுவில், சுருண்டு கிடந்தாள் குழந்தை. தன் இரண்டு கைகளாலும் தன் வாயையே பொத்திக்கொண்டிருந்தாள். மூக்கையும் சேர்த்து. முகம் கறுத்துப்போயிருந்தது. உடை நனைந்திருந்தது.

"ரிமாஸ். கையை எடும்மா. மூச்சு விடு. நான் நிடா."

தவழ்ந்து போய் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. தலைக்கு மேலே பலகை அதிர்ந்து மண் கொட்டியது. "குழந்தைகளைக் காப்போம்! குழந்தைகளைக் காப்போம்!" என்று ஆயிரக்கணக்கான குரல்கள். அண்ணனின் செருப்புக் கால் தாளம் போடுவது அவளுக்குத் தனியாகக் கேட்டது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது இர்சால் படியிறங்கி ஓடி வந்தான். வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் வெளிச்சமாக.

"எங்க தூக்கிட்டுப் போறே? இன்னும் பத்து நிமிஷம்தான். டிவிக்காரங்க..."

"கையை எடு."

"நிடா, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். யாரைக் கேட்டுக் கூட்டிட்டு வந்தே?"

"அவ அம்மாகிட்ட கேட்டேன். குழந்தைங்க நிகழ்ச்சி, சாப்பாடு உண்டுன்னு சொன்னேன். அனுப்பினாங்க."

"குழந்தைங்க நிகழ்ச்சி!" நிடா தன் நெற்றிப்பட்டையை உருவி அவன் மார்பில் எறிந்தாள். "இவ மூத்திரம் போயிருக்கா, தொட்டுப் பாரு. இதையும் மைக்ல சொல்லு போ."

*

பெந்தோர் என்கிற மோட்டார் ரிக்‌ஷாவில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விடுதிக்கு வந்தாள். விடுதி வாசலில் ரிமாஸின் அம்மா ஹவ்வா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் கிளிப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்ன? ரத்தமா?"

"சாயம். வெறும் சாயம்தான். கூட்டத்துல பயந்துட்டா."

அவ்வளவுதான் நிடா சொன்னாள். ஹவ்வா அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கோழைத்தனம் என்று தெரிந்தேதான் நிடா அங்கிருந்து திரும்பினாள்.

*

வீட்டில் ஹாஜி லதீஃப் உட்கார்ந்திருந்தார். நாலு வீடு தள்ளி இருப்பவர். நெற்றியில் இன்னும் பேரணிப் பட்டை. முன்னால் அம்மா வைத்த காப்பி, ஒரு தட்டில் வாழையிலையில் கட்டி வேகவைத்த பூராஸ் சோற்றுப் பொட்டலம்.

"வா வா பொண்ணே! உங்க அண்ணன் என்னமா பேசறான்! நான் ஆம்பளை, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அந்தச் சூடான் குழந்தை கதை இருக்கே..."

நிடா சுவரோரம் போய் நின்றாள்.

ஹாஜி பட்டையைச் சரிசெய்துகொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினார். "சரி மாப்பா, வந்த விஷயத்துக்கு வரேன். நீங்க தெருத்தலைவர். உங்ககிட்டதான் கொடுக்கணும்." உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் நீவி விட்டார். "ஷெட்டுல நடக்கிற அந்த வகுப்பை நிறுத்தச் சொல்லி மனு. அந்தப் பசங்க தெருவுல திரியறதும், சத்தமும்... நோய் நொடி வேற. நம்ம பிள்ளைங்க இருக்காங்க இல்லியா? முப்பத்தொரு வீட்டுக் கையெழுத்து. நாளைக்குப் பத்து மணிக்குள்ள நீங்க சீல் வெச்சா மேல அனுப்பிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அப்பா காகிதத்தைக் கையில் எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்தச் சூடான் குழந்தையும் அந்த வகுப்புக்குத்தான் வருது ஹாஜி," என்றாள் நிடா.

"எந்தக் குழந்தை?"

"நீங்க காலையில அழுதீங்களே, அந்தக் குழந்தை."

ஹாஜி காப்பியைக் கீழே வைத்தார். "அது வேற விஷயம்மா."

"எப்படி வேற? மேடையில நின்னா அழறீங்க. தெருவுல நடந்தா நோய்ங்கறீங்க."

"நிடா," என்றார் அப்பா.

"கேக்கறேன்ப்பா. ஆறாயிரம் மைல் தள்ளி இருந்தாத்தான் குழந்தையா? ஆறு வீடு தள்ளி வந்துட்டா தொல்லையா?"

ஹாஜியின் முகம் சிவந்தது. "பொண்ணை நல்லா வளர்த்திருக்கீங்க மாப்பா," என்று எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடும்போதும் பட்டையை அவிழ்க்கவில்லை. பூராஸ் பொட்டலத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா மெல்ல, "அவர்கிட்ட அப்படிப் பேசலாமா?" என்றாள். பிறகு அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்து, "ஐயோ, எதிர்வீட்டுக்காரியும் போட்டிருக்காளே. நேத்துதானே என்கிட்ட சர்க்கரை வாங்கிட்டுப் போனா?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

*

இர்சால் மூன்றே முக்காலுக்கு வந்தான். போனை முன்னால் நீட்டிக்கொண்டே.

"ரெண்டு லட்சம் பேர் பார்த்தாச்சு. மூணு மணி நேரத்துல! ஜகார்த்தாவிலேர்ந்து கூப்பிடறாங்க. நிடா, நீ கோவத்துல இருக்கே, தெரியும். ஆனா கொஞ்சம் யோசி. நம்ம வயசுப் பசங்க பேசாம இருந்தா அங்க சாகற குழந்தைங்களுக்காக யாரு பேசுவா? பெரியவங்களா? அவங்க பேசினதைத்தான் பார்த்தோமே."

"பேசவேண்டாம்னு யாரு சொன்னா? நானும்தானே வந்தேன். நானும்தானே பதாகை எழுதினேன்."

"அப்புறம் என்ன?"

"உன் கதையைப் பேசு. உன் கோவத்தைப் பேசு. அவ தம்பி செத்ததைப் பேச நீ யாருடா?"

'டா' போட்டது அவளுக்கே புதுசு. இர்சால் அடிபட்டவன்போல் அவளைப் பார்த்தான்.

"நான் யாரா? நீ சொல்லித்தானே எனக்குத் தெரியும்! நீ மட்டும் யாரு அதை வீட்டுல வந்து சொல்ல?"

காலையிலிருந்து நிடா எந்தக் கேள்வியை விட்டு ஓடிக்கொண்டிருந்தாளோ, அதையே எடுத்து முகத்துக்கு நேரே வைத்துவிட்டான்.

"போதும்," என்றார் அப்பா. ஹாஜி விட்டுப் போன காகிதத்தை மகன் பக்கம் தள்ளினார். "படி."

இர்சால் படித்தான். பாதியில் அவன் விரல் நின்றது. "இவர் இன்னிக்கு என்கூட மேடைப் பக்கத்துல நின்னாரே. இவரும்... இந்தக்கா தண்ணி கொடுத்தாங்களே..."

"அவங்களை அழ வெச்சே. கையெழுத்துப் போட்டுட்டு வந்துதான் அழுதிருக்காங்க," என்றார் அப்பா. "எனக்கு மேடைப் பேச்செல்லாம் தெரியாது. நாளைக்குப் பத்து மணிக்கு நான் என்ன செய்யணும்னு சொல்லு. சீல் வெக்கலைன்னா அடுத்த மாசம் வேற தலைவரைப் போடுவாங்க. அவர் வெச்சிடுவார். வழி சொல்லு."

இர்சால் காகிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தான்.

அப்போது ஷெட்டின் தகரக் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. மணி நாலு.

*

பிள்ளைகள் யாரும் வரவில்லை. ஹவ்வா மட்டும் வந்திருந்தாள். பாயை அவளே விரித்து, ரிமாஸ் வழக்கமாக உட்காரும் மூலையில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். மடியில் யாருடையதோ ஒரு போன். திரையில் இர்சால், கை உயர்த்தியபடி, உறைந்து நின்றான்.

அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு அரைகுறை. ஆனால் அன்று ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்து வைத்தாள்.

"நீ உட்கார்," என்றாள் இர்சாலிடம். "அங்க இல்ல. கீழே. எதிர்ல."

அவன் உட்கார்ந்தான். நிடாவும் அப்பாவும் கதவருகே நின்றார்கள்.

"விடுதியில எல்லாரும் பார்த்தாங்க. ஒருத்தர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். எல்லாருக்கும் முன்னால." அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "என் மகன் எப்படிச் செத்தான்னு நீ சொன்னே. ஊருக்கே சொன்னே. எனக்குச் சொல்லல. இப்பச் சொல்லு."

"அக்கா, நான் உங்களைக் காயப்படுத்தணும்னு..."

"அது வேண்டாம். மேடையில சொன்னதைச் சொல்லு. மைக் இல்லாம சொல்லு."

இர்சால் நிமிர்ந்து பார்த்தான். "இந்தப் பிஞ்சு..." என்று ஆரம்பித்தான். நின்றுவிட்டான். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி, "விமானம் வந்தப்ப..." என்றான். அதற்குமேல் வரவில்லை. மைதானத்தின் கடைசி வரிசைவரை கேட்ட அந்தக் குரல் இரண்டு முழத் தூரத்துக்கு எட்டவில்லை. அவன் தலை கவிழ்ந்தது.

ஹவ்வா காத்திருந்தாள். அவனை விடுவிக்க அவளுக்கு அவசரம் இல்லை.

"அவன் பேர் என்ன?" என்றாள்.

"யாரு..."

"என் மகன். பேர் என்ன?"

அவனுக்குத் தெரியாது. நிடாவுக்கும் தெரியாது. நாலு மாதம் வகுப்பு எடுத்தவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

"மொந்தஸிர். மூணு வயசு." ஹவ்வா தன் பின்மண்டையைத் தொட்டுக் காட்டினாள். "சுவர் விழுந்துச்சு. கட்டில் உடைஞ்சது. இங்க அடி. அதுல செத்தான். நான்தான் தூக்கினேன், நான்தான் கழுவினேன், எனக்குத் தெரியும். அவ கை கொல்லல. ரெண்டு வருஷமா அவ தன் கைதான்னு நினைச்சிருக்கா. எனக்குச் சொல்லல. நானும் கேக்கல." குரல் முதல்முறையாக உடைந்தது, உடனே கெட்டியானது. "அதை அவ வாயால கேட்டிருக்கணும். எங்க அறையில. இந்தப் போன்ல இல்ல."

ஹவ்வா போனைச் சுட்டிக் காட்டினாள்.

"எடு அதை," என்றாள். "எல்லா இடத்துலேர்ந்தும் எடு."

"என் பக்கத்துலேர்ந்து இப்பவே எடுத்திடறேன் அக்கா. ஆனா நிறைய பேர் ஏற்கெனவே..."

"நீ போட்டே. நீ எடு."

அவன் தன் போனைத் திறந்தான்.

ஹவ்வா எழுந்து நிடாவின் முன்னால் வந்து நின்றாள். "மத்தியானத்துலேர்ந்து கட்டிலுக்கு அடியில இருக்கா. வரமாட்டேங்கறா. நீ வா."

"நானும் வரேன்," என்று இர்சால் பாதி எழுந்தான்.

"நீ வராதே."

அவர்கள் தெருவில் இறங்கும்போது ஷெட்டுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தான். "அழிச்சிடுங்க... இல்ல, காரணம் கேக்காதீங்க... தயவுசெஞ்சு." அடுத்த எண். மறுபடி அதே கெஞ்சல்.

*

ஒரே அறை. இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, சுவரில் ஆணியடித்து மாட்டிய மூட்டைகள். ஹவ்வா நேராகத் தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டித் தன் மொழியில் பேசினாள். நிடாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் நடுநடுவே இடது கையால் பக்கத்துச் சுவரை ஓங்கி அறைந்து, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அது என்ன வார்த்தை என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கை சிவக்கும்வரை அறைந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, இருட்டுக்குள்ளிருந்து சின்ன விரல்கள் வந்து அம்மாவின் கையைத் தொட்டன. பிடிக்கவில்லை. தொட்டன, அவ்வளவுதான்.

நிடாவும் தரையில் படுத்தாள். கன்னத்துச் சாயம் இன்னும் கழுவப்படவில்லை என்பது தெரிந்தது. இரண்டு கண்கள் அவளையே பார்த்தன.

"நீதான் சொன்னியா?"

குழந்தையின் பேச்சு மறுபடி போய்விடவில்லை. அண்ணன் பெயரைச் சொல்லலாம். அவன்தானே மேடையேறினான்?

"ஆமா. நான்தான்."

"சொல்லாதேன்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"இனிமே உன்கிட்ட எதுவும் சொல்லமாட்டேன்."

"சொல்ல வேண்டாம்."

ரிமாஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாசலில் யாரோ பிள்ளைகள் பந்து உதைக்கும் சத்தம். ஹவ்வா கையை எடுக்காமல் அப்படியே கிடந்தாள்.

பிறகு, திரும்பாமலே, அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நாளைக்கு கிளாஸ் இருக்கா?"

அப்பாவின் மேசைமேல் கிடந்த காகிதமும், முப்பத்தொரு கையெழுத்தும், இழுப்பறைக்குள் இருக்கும் சீலும் நிடாவின் கண்முன்னால் வந்தன. பத்து மணிக்கு அப்பா என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்கே தெரியாது.

"இருக்கு," என்றாள். யாரோடோ சண்டை பிடிப்பதுபோல் வந்தது அந்தச் சொல். "நாலு மணிக்கு. நான் கதவைத் திறந்து வெச்சிருப்பேன்."